போஞ்சூர்க்காரி

மேரி பிறந்தது மாகறலில். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவள் படித்த காலம் முழுவதும் அவளுடைய சொந்த ஊர் போஞ்சூர் என்றே எழுதப்பட்டிருந்தது. அப்படி ஓர் ஊர் செங்கல்பட்டு ஜில்லாவில் கிடையாது. வட ஆற்காட்டில் தேடினாலும் அகப்படாது. ஒரு காலை வேளையில் அந்த ஊரை உண்டாக்கி, அதில் மேரியைக் குடியேற்றியவர் எங்கள் ஏழாம் வகுப்பு கங்கையம்மாள் டீச்சர்.

மேரியின் அப்பா யேசுதாஸ், பிறர் நிலத்தில் நாற்றுப் பிடுங்கி, களை பறித்து, அறுப்பு அறுத்து வயிறு வளர்த்த குடும்பத்தில் வந்தவர். மாகறலில் அவர்களுக்கென்று சொந்தமாக இருந்தது கல்லறையில் படுக்க ஆறடி மண். அதற்கும் சண்டை போட வேண்டியிருந்தது. "செத்தா கூட வரிசையில நிக்கணும் இந்த ஊர்ல" என்று சொல்லிவிட்டு மனைவியையும் கைக்குழந்தை மேரியையும் அழைத்துக்கொண்டு அவர் புதுச்சேரிக்குப் போனார். அங்கே பிரெஞ்சுக்காரக் கன்னியாஸ்திரீகள் நடத்திய மடத்தில் தோட்டக்காரர் வேலை கிடைத்தது. மடத்துப் பள்ளிக்கூடத்தில் மேரிக்கு இலவசப் படிப்பு.

படிப்பு என்றால் முக்கால்வாசி மரியாதைப் படிப்பு. கன்னியாஸ்திரீ வகுப்புக்குள் வந்தால் எழுந்து, ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, 'போஞ்சூர், மா சேர்' என்று சொல்ல வேண்டும். வணக்கம் சகோதரி என்று அர்த்தம். ரொட்டி கொடுத்தால் 'மெர்சி, மா சேர்' என்று நன்றி சொல்ல வேண்டும். பிரம்பால் அடித்தாலும் அதே மெர்சிதான்.

"அடிச்சதுக்குமா தேங்க்ஸ் சொல்லுவாங்க?" என்று நான் பிற்பாடு ஒருநாள் அவளிடம் கேட்டேன்.

"சொல்லலேன்னா இன்னொண்ணு உழும்பா" என்றாள்.

அறுபத்தாறாம் வருஷம் அந்த மடத்தை மூடிவிட்டார்கள். கன்னியாஸ்திரீகள் கப்பல் ஏறினார்கள். யேசுதாஸ் பஸ் ஏறினார். மறுபடி மாகறலுக்குப் போக மனசில்லாமல் காஞ்சிபுரத்தில் ஒரு நெல் மண்டியில் மூட்டை தூக்கும் வேலையில் சேர்ந்து, ரயிலடிப் பக்கம் ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தார். ஆடி மாதத்தில் ஒருநாள் மேரியை எங்கள் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார்.

முந்தின இரவு நல்ல மழை. கங்கையம்மாள் டீச்சர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்ததில் புடவைக் கரை முழங்கால் வரைக்கும் சேறு. அந்தக் கோபத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தவர் புதுப்பெண்ணைப் பார்த்து, "எழுந்திரு. பேரு, ஊரு சொல்லு" என்றார்.

மேரி எழுந்தாள். காலைப் பின்னால் வைத்தாள். முழங்காலை மடித்தாள். எங்கேயோ அரிக்கிறது போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்தோம்.

"போஞ்சூர், மா சேர்."

"போஞ்சூரா? அது எங்கம்மா இருக்குது? செய்யாறு பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே டீச்சர் பதிவேட்டில் எழுதிவிட்டார். எழுதி முடித்த பிறகுதான் இரண்டாவது பாதி அவர் மண்டைக்குள் இறங்கியது. பேனாவை வைத்தார். குனிந்து தன் புடவைக் கரையைப் பார்த்தார். "யாரைப் பார்த்துடி சேறுன்னே?"

மேரிக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் வந்து நின்ற டீச்சர் அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். அவளுக்குத் தெரிந்த ஒரே மரியாதையை அவள் செய்தாள்.

"மெர்சி, மா சேர்."

"மேரின்னு தெரியுது. இனிஷியல் சி எதுக்கு? உங்கப்பா பேரு யேசுதாஸ்தானே? ஒய். மேரின்னு சொல்லு. இன்னொரு வாட்டி சேறுன்னா பல்லு இருக்காது."

அன்றைக்கு மத்தியானம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் என் சாப்பாட்டுத் தூக்கு கவிழ்ந்தது. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். நான் பொன்னியம்மாள், பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண். எங்கள் சிநேகம் அந்தக் கொட்டிய புளிச்சோற்றில் ஆரம்பித்தது.

குட்டுப்பட்ட தலை சும்மா இருக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் மேரி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். வாத்தியார்கள் எல்லாருக்கும் வணக்கம் வேண்டும். ஆனால் எல்லாருக்கும் ஒரே வணக்கம் வேண்டியதில்லை. சாமிக்குச் சாமி நைவேத்தியம் வேறு. வரதருக்கு இட்லி, பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை என்கிற மாதிரி.

தலைமையாசிரியை கிருஷ்ணவேணி அம்மாளுக்கு, அவரைப் பெரிய டீச்சர் என்போம், 'குட் மார்னிங், மேடம்' வேண்டும். டீச்சர் என்று சொன்னால் காது கேட்காது. கணக்கு சொல்லிக் கொடுத்த சாயபு சாருக்குக் கையை நெற்றிவரை தூக்கி 'ஆதாப்'. டிராயிங் நாயுடுவுக்கு 'நமஸ்காரமண்டி'. அதைக் கேட்டால் அவர் நாம் வரைந்த பூசணிக்காயையும் மாம்பழம் என்று ஒத்துக்கொள்வார். தமிழய்யா கோதண்டபாணிக்கு 'வணக்கம் ஐயா'. நமஸ்காரம் என்ற சொல் அவர் காதில் விழுந்தால் அன்று முழுவதும் வகுப்பு நடக்காது, வடமொழி எப்படி வந்து புகுந்தது என்ற கதைதான் நடக்கும். வீட்டுப்பாடம் எழுதாத நாட்களில் நாங்கள் வேண்டுமென்றே நமஸ்காரம் சொன்னதுண்டு. இந்திப் பண்டிதர் சீனிவாசனுக்கு 'நமஸ்தே, குருஜி'. அந்த 'ஜி' விட்டுப் போனால் முகம் வாடிவிடும்.

மேரி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு காலையில் பள்ளிக்கூட வாசலில் நிற்பாள். வருகிறவருக்கு ஏற்ற வணக்கம் ஒன்று போகும். கங்கையம்மாள் டீச்சரே இரண்டு மாதத்தில் இளகி, "உன் ஊரு பாஷையில சொல்லேன்டி" என்று கேட்க ஆரம்பித்தார். அது ஊர் இல்லை என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

எங்களுக்கும் மேரி சொல்லிக் கொடுத்தாள். கூலி ஒரு கமர்கட்டு. இந்தி பேச்சுப் பரீட்சையில் ஒரு வார்த்தை தெரியாமல், வெறும் 'நமஸ்தே குருஜி'யில் பாஸானவர்கள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர். நானும்தான்.

இந்தக் கலைக்கு ஒரு சோதனை வந்தது. கோதண்டபாணி ஐயாவும் சீனிவாசன் சாரும் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இருவரும் எலியும் பூனையும். இந்தி எதிர்ப்பு நடந்த காலத்தில் ஒருவர் கறுப்புக் கொடி குத்திக்கொண்டு வந்தார், இன்னொருவர் உடம்பு சரியில்லை என்று வீட்டிலிருந்தார். ஆனால் மழை பெய்தால் குடை ஒன்றுதான். சீனிவாசன் சாரின் குடை ஓட்டை. தமிழய்யாவின் குடை நல்ல குடை. ஒரு குடைக்குக் கீழே இரண்டு பாஷையும் தோளோடு தோள் உரசிக்கொண்டு, வழி நெடுகச் சண்டை போட்டுக்கொண்டு வரும்.

அப்படி ஒரு மழைநாளில் இருவரும் வாசலில் வந்து நின்றார்கள். மேரி வாயைத் திறந்தாள், மூடினாள். வணக்கம் என்றால் பண்டிதர் வாடுவார். நமஸ்தே என்றால் ஐயா வகுப்பில் வறுத்தெடுப்பார். முதலில் எதைச் சொன்னாலும் இரண்டாவது ஆள் தோற்றவர். இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மேரி காலைப் பின்னால் வைத்து முழங்காலை மடித்தாள். "போஞ்சூர்!"

ஐயா யோசித்தார். பண்டிதர் யோசித்தார். யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்கள். "பிரெஞ்சுல கூட மரியாதை இருக்குது பாரும்" என்று ஐயா சொன்னதும், "இந்தியில இல்லேன்னு உமக்கு யார் சொன்னா?" என்று மறுபடி ஆரம்பித்ததும் வராந்தா வரைக்கும் கேட்டது.

நாங்கள் எட்டாம் வகுப்பு படித்தபோது, அறுபத்தெட்டாம் வருஷத்துத் தையில், பள்ளிக்கூடங்களில் இந்தி இனிக் கிடையாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. எங்களுக்கு ஒரு புத்தகம் மிச்சம். பட்டாசு வெடித்தோம். கோதண்டபாணி ஐயா வகுப்பு வகுப்பாக வந்து ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். சீனிவாசன் சாரை வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் அவருக்கு வகுப்பு இல்லை. நூலகம் என்ற பெயரில் இருந்த இரண்டு அலமாரிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். அந்த அலமாரிகளின் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அவர் வரும்போது வாசலில் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள், அவ்வளவுதான். நமஸ்தே சொன்னால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று பயம். வணக்கம் சொன்னால் அவரைக் குத்திக்காட்டுகிற மாதிரி. ஒருநாள் மேரி ஸ்டூலுக்கு எதிரில் போய் நின்று நேராகக் கேட்டாள்.

"சார், உங்களுக்கு இனிமே இன்னா சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்மா. நமஸ்தே சொன்னா உனக்குத்தான் வம்பு."

"சொல்லாம எப்படி சார் போறது? எதிர்ல வர்றீங்களே."

"அந்தக் குடை நாள்ல ஒண்ணு சொன்னியே" என்றார். "அதையே சொல்லு. அதுல யாருக்கும் ஆட்சேபணை இல்லை."

மறுநாளிலிருந்து அவர் வரும்போது மேரி முந்திக்கொள்வதற்குள் அவரே, "போஞ்சூர்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஜெயித்த கோதண்டபாணி ஐயாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. சண்டை போட ஆள் இல்லாமல் ஒரு மாதம் தனியாகக் குடை பிடித்துப் பார்த்தார். பிறகு மத்தியானத்தில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் இருவரும் கத்துவார்கள்.

பத்தாம் வகுப்பில் மேரிக்கு வேறு மாதிரியான வேலை வந்தது. பெரிய டீச்சரின் தம்பி ராஜகோபால் தேரடிப் பக்கம் பட்டுக்கடை வைத்திருந்தார். என் மாமா முருகேசன் அந்தக் கடையில் புடவை பிரித்துப் போடும் வேலையில் இருந்தார். பனிக்காலம் வந்தால் கோயில் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். புதுச்சேரி வழியாக வருகிறவர்களில் நிறையப் பேர் பிரெஞ்சுக்காரர்கள். பக்கத்துக் கடைக்காரர் இங்கிலீஷில் கூப்பிட்டால் போகிறார்கள், நம் கடைக்குப் பிரெஞ்சில் கூப்பிட ஆள் இருந்தால் எப்படி இருக்கும் என்று ராஜகோபாலுக்கு யோசனை. அக்காவிடம் சொன்னார். அக்கா மேரியைக் கூப்பிட்டார்.

"உனக்கு பிரெஞ்சு தெரியும்தானே?"

"கொஞ்சூண்டு, மேடம்."

"போதும். மத்தியானம் தம்பி கடைக்குப் போயிட்டு வா. பொது அறிவு வளரும்."

அன்றைக்கு இரண்டு காரில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். எல்லாரும் அங்கே பள்ளிக்கூட வாத்தியார்களாம், விடுமுறைக்கு வந்தவர்கள். முன்னால் வந்தவர் வெள்ளைத் தாடி வைத்த ஆறடி மனிதர். மேரி கடை வாசலில் நின்று முழங்காலை மடித்து, தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"போஞ்சூர், மா சேர்!"

தாடிக்காரர் திடுக்கிட்டுத் தன் தாடியைத் தடவிப் பார்த்தார். பின்னால் வந்த பெண்கள் தெருவிலேயே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். தாடிக்காரர் குனிந்து, தானும் முழங்காலை மடித்து, ஆண்களுக்கு 'முசியே' என்று அவளுக்குத் திருத்திச் சொல்லிக் கொடுத்தார். சிரிப்போடு வந்தவர்கள் சிரிப்போடே கடைக்குள் நுழைந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ராஜகோபாலுக்குத் தலைகால் புரியவில்லை. என் மாமாவிடம் மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவையைப் பிரிக்கச் சொன்னார். "மேரி, சொல்லும்மா. ஒரிஜினல் ஜரிகை, கரையைத் தனியா கோர்வை போட்டு நெய்தது, சாயம் போகாது. எல்லாத்தையும் பிரெஞ்சுல சொல்லு."

மேரிக்குப் பிரெஞ்சில் தெரிந்தது வணக்கம், நன்றி, மன்னிப்பு. இது தவிர மாதாவிடம் வேண்டிக்கொள்ளும் 'மரியே வாழ்க' ஜெபம் ஒன்று. வணக்கம் முடிந்துவிட்டது. நன்றி சொல்ல நேரம் வரவில்லை. அவள் புடவை முந்தானையைக் கையில் ஏந்தி, கண்ணை லேசாக மூடிக்கொண்டு, ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். ராகமாகத்தான் சொன்னாள். பிரெஞ்சுக்காரர்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் அவர்களில் வயதான ஓர் அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, மிச்சப் பாதியைத் தானே சொல்லி முடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"இன்னாம்மா சொன்னே?" என்று ராஜகோபால் காதோடு கேட்டார்.

"பட்டு நல்லாருக்குதுன்னு சொன்னேன்."

"ரொம்ப நேரம் சொன்னியே?"

"நல்லாத்தானே இருக்குது."

அந்த அம்மாள் அந்த மயில்கழுத்துப் புடவையையே எடுத்துக்கொண்டாள். ராஜகோபால் மேரிக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு கார் வந்து நிற்கும்போதெல்லாம் கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஆள் வரும், பெரிய டீச்சர் மேரியை அனுப்புவார். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. ஜெபத்தை அவள் அத்தனை முறை சொன்னதற்குக் காஞ்சிபுரத்துப் பட்டு மொத்தத்துக்கும் மோட்சம் கிடைத்திருக்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில், பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால், பள்ளிக்கூடத்து கிளார்க் மேரியைக் கூப்பிட்டு, "அட்டெண்டன்ஸ் பத்தாது. நீ இந்த வருஷம் எழுத முடியாது" என்றார். மத்தியானம் மத்தியானமாக அவள் வகுப்பில் இல்லையே. மேரி பெரிய டீச்சரிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஸ்கூல் நேரத்துல நீ ஊர் சுத்தினா நான் என்னம்மா பண்றது?" என்றார்.

கங்கையம்மாள் டீச்சர் மேரிக்காகப் போய்ப் பேசிப் பார்த்து, வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். யேசுதாஸ் மண்டியிலிருந்து மூட்டைக் கொக்கியோடு புறப்பட்டுவிட்டார். நானும் அப்போது அங்கே இருந்தேன். மேரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொக்கியை வெச்சுடு நைனா. நீ குத்தினா உன்னைத்தான் உள்ள போடுவாங்க."

"அப்ப இன்னா, சும்மா உட்டுடறதா? மூட்டை தூக்கித் தூக்கிப் படிக்க வெச்சேன்!"

"நான் மரியாதையா பேசிக்கிறேன்."

என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வாரமே என் மாமா ஒரு செய்தி கொண்டுவந்தார். பெண்கள் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மேலதிகாரியான இன்ஸ்பெக்டரம்மா, மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ராஜகோபால் கடைக்கு வருகிறார். பெரிய டீச்சரே கூட இருந்து, நல்ல தள்ளுபடியில் எடுத்துக் கொடுக்கப்போகிறார். நான் மேரியிடம் சொன்னேன். அவள் அன்று தாவணியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே கடை வாசலில் போய் நின்றாள். அங்கே நடந்ததை மாமாவும் சொன்னார், மேரியும் சொன்னாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

இன்ஸ்பெக்டரம்மா காரிலிருந்து இறங்கினார். கதவைத் திறந்துவிட்டவர் பெரிய டீச்சர். மேரி கைகூப்பி, இன்ஸ்பெக்‌ஷனுக்கு எங்களைப் பழக்கியிருந்த அதே குரலில், தெருவே கேட்கும்படி சொன்னாள்.

"வணக்கம் அம்மா! என் பெயர் மேரி. பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு. தங்கள் வரவு நல்வரவாகுக!"

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "அடடே! எந்த ஸ்கூலும்மா?"

"இதோ நிக்கிறாங்களே எங்க மேடம், இவங்க ஸ்கூல்தாம்மா."

"இன்னிக்கு ஸ்கூல் லீவா?"

"இல்லீங்கம்மா. இந்நேரம் சயின்ஸ் நடந்துக்கினு இருக்கும்."

"அப்போ நீ இங்கே என்ன பண்றே?"

"வணக்கம் சொல்லிக்கினு இருக்கேன்மா. போன வருஷத்துலேருந்து மேடம்தான் அனுப்பிக்கினு இருக்காங்க. வெள்ளைக்காரங்க வந்தா பிரெஞ்சுல சொல்லுவேன். நீங்க வந்ததால தமிழ்ல சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தி, இன்னும் பணிவாக, "அதனாலதான் பரீட்சைக்கு அட்டெண்டன்ஸ் பத்தலேன்னுட்டாங்கம்மா" என்றாள்.

கடைப் படியில் நின்ற மாமாவின் கையிலிருந்த புடவை நழுவிக் கீழே விழுந்தது. பெரிய டீச்சர் அதைச் சட்டென்று எடுத்துப் பிடித்துக்கொண்டு, "இந்த அரக்கு பார்டர் உங்க பொண்ணுக்கு எடுப்பா இருக்கும் மேடம்" என்றார்.

இன்ஸ்பெக்டரம்மா கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார் என்று நினைக்க வேண்டாம். உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார். வழக்கமாகக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியைவிட அன்று அவருக்கு இரண்டு மடங்கு கிடைத்தது என்று மாமா சொன்னார். ராஜகோபால் எதிர்த்துப் பேசவில்லை. காரில் ஏறும்போதுதான் அந்த அம்மாள் பெரிய டீச்சரிடம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு பரீட்சை எழுதணும்."

"கண்டிப்பா மேடம்."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மேரி வராத மத்தியானமெல்லாம் வந்த மத்தியானமாகிவிட்டது. செகண்ட் கிளாஸில் பாஸ் செய்தாள் என்று சொல்ல ஆசைதான். மூன்றாவது. நானும் மூன்றாவது. பிரெஞ்சுக்கு மார்க் கிடையாதே.

ஆசிரியப் பயிற்சி முடித்து எழுபத்து நாலில் அவளுக்கு வேலை வந்தது. மாகறலைத் தாண்டி ஒரு சின்ன ஊர்; பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இப்போது நன்றாகத்தான் இருக்கிறார்கள். அந்த ஊரின் பெரிய விவசாயி கைலாசம். ஒரு காலத்தில் அறுப்புக்கு மாகறலிலிருந்து ஆள் கூட்டி வந்தபோது யேசுதாஸின் அப்பாவும் அவர் வயலில் அறுத்தவர். முதல் நாள் மேரி வகுப்புக்குள் போனபோது எல்லாப் பிள்ளைகளும் எழுந்து, "வணக்கம் டீச்சர்" என்று இழுத்துப் பாடினார்கள். கைலாசத்தின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தபடி இருந்தார்கள்.

"ஏன்பா, கால் வலிக்குதா?"

"எங்க தாத்தாதான் உங்களுக்கு எழுந்து நிக்க வேணாம்னு சொல்லிக்கிறாரு" என்றான் பெரியவன், ஒளிவு மறைவில்லாமல்.

மேரி அவர்களை அடிக்கவில்லை. அன்று ராத்திரி வீட்டில் அழுதாள் என்று அவள் அம்மா என்னிடம் சொன்னார். மேரி அதை ஒத்துக்கொண்டதில்லை.

பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் கைலாசம் தன் வீட்டு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மறுநாள் காலை மேரி அவருக்கு எதிரில் நின்று, "வணக்கம் ஐயா!" என்றாள். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். அடுத்த நாள் "குட் மார்னிங்!" பேப்பர் இன்னும் உயர்ந்தது. அடுத்து "நமஸ்காரமண்டி!" அதற்கு அடுத்து நெற்றிக்குக் கை தூக்கி "ஆதாப்!" ஐந்தாம் நாள் அவள் காலைப் பின்னால் வைத்து முழங்காலை மடித்து, அந்த முசியேவுக்கு ஒரு போஞ்சூர் போட்டாள். பேப்பருக்கு மேலே இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன.

அடுத்த வாரம் முழுவதும் போஞ்சூர்தான். அந்த வாரமே அவர் வீட்டுக் கறவை எருமை பால் கொடுக்காமல் உதைத்தது. யாரோ, அந்த டீச்சரம்மா குந்தி எழுந்து ஏதோ மந்திரம் போடுது என்று சொல்லிவிட்டார்கள். கைலாசம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து வகுப்பு வாசலில் நின்றார்.

"இந்தாம்மா. அது இன்னா வார்த்தை?"

"எதுங்க ஐயா?"

"அதான், குந்தி எழுந்து சொல்றியே. எருமைக்கு ஆவாத வார்த்தை."

"ஐயோ, அது வணக்கமுங்க. பிரெஞ்சுக்காரங்க அவங்க டீச்சருக்கு சொல்றது."

"நான் இன்னா டீச்சரா?"

"பசங்களுக்கு நீங்கதானே சொல்லிக் குடுத்துக்கினு இருக்கீங்க, எழுந்து நிக்காதேன்னு. ரெண்டும் நல்லா கத்துக்கினு இருக்குது. அதான் ஒரு மரியாதைக்கு."

வகுப்பில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கைலாசம் அவளை முறைத்தார், பேரன்களை முறைத்தார், கூரையை முறைத்தார். முறைக்க வேறு ஒன்றும் மிச்சமில்லை.

"அதை நிறுத்தறதுக்கு இன்னா பண்ணணும்?"

"நான் வணக்கம்னா, நீங்களும் வணக்கம்னு சொன்னா போதுங்க. அப்புறம் ஏன் வேற பாஷைக்குப் போறேன்?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஏதோ கசப்பு மருந்தை முழுங்குகிறவர் போல, "வணக்கம்" என்றார். தாத்தா சொன்னதைக் கேட்ட பேரன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார்கள். எருமை எப்போது பால் கொடுத்தது என்று மேரி விசாரிக்கவில்லை.

அவர்கள் அதற்குப் பிறகு சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள் என்றெல்லாம் இல்லை. அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. ஆனால் எழுபத்தாறில் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். மேரி என்னையும் கூப்பிட்டிருந்தாள். நான் என் கைக்குழந்தையோடு போயிருந்தேன்.

முன்வரிசையில் தனக்கு நாற்காலி இருக்கும் என்று கைலாசம் சலவை வேட்டியில் வந்தார். இருந்தது. அதற்குப் பக்கத்து நாற்காலியில் யேசுதாஸ், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, மகள் வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். கைலாசம் நின்றார். வேறு நாற்காலி எங்கேயாவது காலியாக இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாவற்றிலும் பிள்ளைகளின் ஆயாக்களும் அம்மாக்களும் அழுந்த உட்கார்ந்திருந்தார்கள். வெயில் வேறு.

யேசுதாஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கைக்குட்டையால் பக்கத்து நாற்காலியைத் தட்டித் துடைத்தார்.

"குந்துப்பா" என்றார். "நாற்காலி கடிக்காது."

கைலாசம் உட்கார்ந்தார். மேடையில் யாரோ ஒரு சின்னப் பெண் பாட்டை மறந்துவிட்டு அழ ஆரம்பித்தாள். மேரி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மிச்சப் பாட்டைத் தானே கர்ணகடூரமாகப் பாடினாள்.